தொட்டிக் கடலுக்கு எந்த விளக்கு?

மீன் தொட்டிக்கு ஒரு விளக்கு வாங்குவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கடைக்குப் போனோம், ஒரு பட்டை விளக்கை வாங்கினோம், மாட்டினோம், தீர்ந்தது காரியம்! ஆனால் எங்கள் வீட்டில் அந்த ஒரு விளக்கைத் தேர்ந்தெடுக்க ஏழு மாதம் ஆயிற்று. அந்த ஏழு மாதத்தில் கடலைப் பற்றித் தெரிந்துகொண்டோம்; சட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டோம்; எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சையே மறந்துபோயிருந்த ஒரு மனுஷர் மறுபடி பேச ஆரம்பித்தார். அதனால்தான் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் விருத்தாசலம். வெளியூர்க்காரர்களுக்கு விருத்தகிரீஸ்வரர் கோயிலும், மணிமுத்தாறும், ரயில் ஜங்ஷனும் ஞாபகம் வரும். எங்களுக்கோ பீங்கான்தான் சோறு போட்டது. பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும்போது கிடைக்கும் களிமண், இங்கே வந்து பொம்மையாகவும், ஜாடியாகவும், மின்சார ஃபியூஸ் கட்டையாகவும் உருமாறும். செராமிக் தொழிலுக்கென்றே அரசுக் கல்வி நிலையமும் தொழிற்பேட்டையும் உள்ள ஊர் இது.

என் கணவர் ஒரு பீங்கான் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் சூளையடியில் நின்றவர். சூளையின் சின்னத் துவாரம் வழியாக ஒரு பார்வை பார்த்தால் போதும், "இன்னும் அரை மணி எரியணும்" என்பார். அப்படியே இருக்கும். 2021-இல் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். வர வேண்டிய பணம் பாதிதான் வந்தது. அதைக்கூட அவர் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் காலையில் நாலு மணிக்கு எழுந்து பழகிய மனுஷர், அதே நாலு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்து சும்மா இருட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். காபி கொடுத்தால் குடிப்பார். கொடுக்கவில்லை என்றால் கேட்கமாட்டார். டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லைம்மா. மனசுக்கு ஒரு வேலை கொடுங்க" என்றார். மனசுக்கு எந்தக் கடையில் வேலை வாங்குவது?

2022 தீபாவளிக்குச் சென்னையிலிருந்து மகனும் மருமகளும் பேரனும் வந்திருந்தார்கள். மகன் தன் போனில் ஒரு படம் காட்டினான். வெளிநாட்டில் யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் வைத்திருந்த பவளத் தொட்டி. கண்ணாடிக்குள் பச்சையும் ஊதாவுமாகப் பவளங்கள் பூத்துக் கிடக்க, நடுவே ஆரஞ்சு மீன்கள். அவர் போனை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு, "இந்த நீல வெளிச்சம் எப்படிடா வருது?" என்று கேட்டார்.

பல மாதம் கழித்து அவராக வாய் திறந்து கேட்ட கேள்வி அது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே முடிவு செய்தேன், எப்பாடுபட்டாவது இந்த வீட்டில் அப்படி ஒரு தொட்டி வரவேண்டும் என்று.

மகன் விசாரித்துச் சொன்ன விலையைக் கேட்டபோதுதான் மூச்சு அடைத்தது. தொட்டியைவிட, மீனைவிட, விளக்குதான் விலை அதிகம். "விளக்குக்கு ஏன் இத்தனை விலை?" என்று நானும் அவரும் ஆளுக்கொரு பக்கமாகப் படிக்க ஆரம்பித்தோம். மகன் அனுப்பியதை எல்லாம் நான் வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார்.

பவளம் என்பது கல்லும் இல்லை, செடியும் இல்லை. ஊசிமுனை அளவிலிருந்து விரல்நுனி அளவு வரை உள்ள குட்டி உயிர்கள் ஆயிரக்கணக்கில் கூடிக் கட்டும் வீடு அது. அந்த உயிர்களின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி வெளிச்சத்தை வாங்கிச் சமைக்கிறது. அந்தச் சமையலில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பவளம் பாசிக்கு இடமும் பாதுகாப்பும் தருகிறது. ஆக, பவளத் தொட்டியில் விளக்கு என்பது அழகுக்காக மட்டும் இல்லை, அதுதான் அடுப்பு. அடுப்பு சரியில்லை என்றால் குடும்பமே பட்டினி.

நாம் கழுத்தில் போடும் சிவப்புப் பவளம் வேறு ஜாதி. மத்திய தரைக்கடலில் வெளிச்சம் குறைந்த ஆழங்களிலும் குகைகளிலும் வளர்வது. அதற்குள் பாசியும் கிடையாது, அடுப்பும் வேண்டாம். மிதந்துவரும் இரையைப் பிடித்துத் தின்றே வாழ்கிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் நாம் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

விளக்குப் பெட்டிகளின் மேல் 6,500, 10,000, 20,000 என்று போட்டு 'கெல்வின்' என்று எழுதியிருந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர்தான் சிரித்தார். "இது சூளைக் கணக்கும்மா. 700 டிகிரியில சூளை செக்கச்செவேல்னு இருக்கும். 1,000 தாண்டினா ஆரஞ்சு. 1,300 கிட்ட வெள்ளையாக் கண்ணைக் கூசும். சூடு ஏற ஏற நிறம் மாறும். இன்னும் மேல போனா நீலம்தான். அந்த நிறத்துக்குத்தான் நம்பர் போட்டிருக்கான், விளக்கு அவ்வளவு சூடா இருக்கும்னு அர்த்தமில்லை" என்றார். அதாவது 2,700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள். 6,500 என்றால் பகல் வெள்ளை. 10,000-க்கு மேல் நீலம் கலந்தது. எண் ஏற ஏற நீலம் ஏறும், அவ்வளவுதான்.

பவளத்துக்கு ஏன் நீலம்? கடல்நீர் வெயிலில் உள்ள சிவப்பை முதலில் விழுங்கிவிடுகிறது. நீலம்தான் ஆழம் வரை இறங்குகிறது. பவளத்துக்குள் இருக்கும் பாசி அந்த நீலத்தை வைத்தே சமைக்கப் பழகியது. கடலின் நீலம் என்றதும் நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் நினைவுக்கு வருகிறார். 1921-இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது மத்திய தரைக்கடலின் நீலத்தைப் பார்த்து, இது வெறும் வானத்தின் பிரதிபலிப்பு இல்லை, தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று ஆராய்ந்தவர். ஒளிச்சிதறலில் தொடர்ந்து செய்த வேலைக்காக 1930-இல் நோபல் பரிசு பெற்றார்.

சிவப்பு, பச்சை எல்.இ.டி. விளக்குகள் வெகு காலமாகவே உண்டு. பளிச்சென்ற நீல எல்.இ.டி.தான் 1990-களின் ஆரம்பம் வரை யாருக்கும் கைகூடவில்லை. அதைச் சாதித்த ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலத்தின் மேல் ஒரு மஞ்சள் பொடியைப் பூசித்தான் இன்று நம் சமையலறையில் எரியும் வெள்ளை எல்.இ.டி. பல்பு செய்கிறார்கள்.

அடுத்த குழப்பம், வெளிச்சத்தை எதில் அளப்பது? கடைக்காரர்கள் 'லூமென்' கணக்குச் சொல்வார்கள். அது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் கணக்கு. நம் கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும்தான் பிரகாசமாகத் தெரியும். நீல விளக்குக்கு லூமென் குறைவாகத்தான் காட்டும். ஆனால் பவளத்துக்கு அது விருந்து. பாசி சமைக்கப் பயன்படும் ஒளியை அளக்க 'பார்' என்று தனிக் கணக்கு இருக்கிறது. மென்பவளங்களுக்குப் பொதுவாக 50 முதல் 150 வரை, கிளை கிளையாக வளரும் கல் பவளங்களுக்கு 200 முதல் 400 வரை தேவை என்கிறார்கள். விளக்கின் அடியில் எவ்வளவு என்பது முக்கியமில்லை. பவளம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் எவ்வளவு வந்து சேருகிறது என்பதுதான் முக்கியம். இதற்கும் அவரே உதாரணம் சொன்னார். "சூளைக்குள்ள கோன் வைப்போம் இல்ல? வெளியில மீட்டர் என்ன காட்டினாலும், பாத்திரத்துக்குப் பக்கத்துல வெச்ச கோன் வளைஞ்சாத்தான் வெந்ததுன்னு அர்த்தம்."

பிறகு மின்சாரச் செலவு. இது நம் இலாகா ஆயிற்றே! முன்பெல்லாம் பவளத் தொட்டிக்கு மெட்டல் ஹாலைடு விளக்குப் போடுவார்களாம். 250 வாட் விளக்கு இரண்டு, நாளுக்கு 9 மணி நேரம் எரிந்தால் நாலரை யூனிட். இரண்டு மாத பில்லில் 270 யூனிட். போதாததற்கு அது தண்ணீரையும் சூடாக்கும். அதே வேலையை 150 வாட் எல்.இ.டி. செய்தால் இரண்டு மாதத்துக்கு 81 யூனிட். நமக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் 100 யூனிட்டில் முக்கால்வாசிக்கு மேல் விளக்கே சாப்பிட்டுவிடும். இதோடு தண்ணீரைக் குளிர்விக்கும் 'சில்லர்' தனி. பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வரை இருக்க வேண்டும். எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும்போது, கூடத்தில் வைத்த தொட்டி என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

செலவைக் கேட்டும் நான் பின்வாங்கவில்லை. சீட்டுப் பணம் வர இருந்தது. ஒரு வளையலையும் மனசுக்குள் எடுத்து வைத்திருந்தேன். அவர் தினமும் ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கு வளையலைவிடப் பெரிதாக இருந்தது.

ஒரு நகரத்துக் கடைக்கு மகன் போன் செய்தான். விளக்கு, தொட்டி, எல்லாவற்றுக்கும் விலை சொன்ன கடைக்காரர், "உயிர்ப் பவளமும் நாங்களே தர்றோம் சார். நம்ம ராம்நாட் கடல் சரக்கு. தெர்மாகோல் பெட்டியில போட்டு ராத்திரி பஸ்ஸில ஏத்திவிட்டுடுவோம். பில் மட்டும் கேட்காதீங்க" என்றாராம்.

மகன் இதைச் சொல்லும்போது மருமகள் பக்கத்தில் இருந்தாள். அவள் ராமநாதபுரம் சீமைப் பெண். முகம் மாறிவிட்டது. "வேணாம் அத்தை. அது திருட்டுச் சரக்கு" என்றாள்.

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு விவரம் தெரிந்தது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில், 2001-இல் பவளங்களையும் சேர்த்துவிட்டார்கள். பாறை கட்டும் கல் பவளங்கள், கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி எல்லாம் அதில் அடக்கம். எடுப்பதும், விற்பதும், வாங்கி வைத்திருப்பதும் குற்றம். மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. செத்துக் காய்ந்த பவளத் துண்டை அலமாரியில் வைத்தாலும் வம்புதான்.

"எங்க பாட்டி வீட்டுச் சுவரே பவளக் கல்லுதான் அத்தை. அந்தக் காலத்துல வள்ளம் வள்ளமா வெட்டிக் கொண்டாந்து வீடு கட்டுவாங்க, சுண்ணாம்புக் காளவாய்ல போட்டுச் சுடுவாங்க. தனுஷ்கோடியில இடிஞ்சு நிக்குதே சர்ச்சு, அதுகூட அந்தக் கல்லுதான். வெட்டி வெட்டி ரெண்டு தீவே கடலுக்குள்ள போயிடுச்சு" என்றாள்.

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வரிசையாக 21 தீவுகள். 1986-இல் அவற்றைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-இல் அந்த வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. தீவைச் சுற்றியுள்ள பவளப் பாறைதான் அலையின் வேகத்தைத் தடுக்கும் மதில். மதிலை வெட்டினால் தீவு கரையும். இதற்கு மேல் கடல் சூடேறும் ஆபத்து வேறு. வழக்கமான கோடை வெப்பத்தைவிட ஓரிரண்டு டிகிரி கூடி அது சில வாரம் நீடித்தால், பவளம் தன் உடம்பிலிருக்கும் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெள்ளை எலும்பாக நிற்கும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் அப்படிப் பெரிதாக வெளுத்தது. 2024-இல் உலகம் முழுவதும் நாலாவது முறையாக வெளுப்பு நடப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள்.

இவ்வளவையும் கேட்ட பிறகு, அந்தத் தெர்மாகோல் பெட்டி வேண்டாம் என்று முடிவெடுக்க எனக்கு நேரமாகவில்லை. கஷ்டம் அதில் இல்லை. அவரிடம் எப்படிச் சொல்வது? நோட்டு முழுக்கக் கணக்கு எழுதி வைத்திருக்கிறாரே! சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மூடி அலமாரியில் வைத்தார். மறுநாள் காலை நாலு மணிக்குத் திண்ணையில் அதே இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் வயிற்றில் புளியைக் கரைத்தது.

நாலைந்து நாள் பார்த்தேன். பிறகு மருமகளைக் கூப்பிட்டு, "உங்க அம்மா வீட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம். மாமாவுக்கு அந்தக் கடலைக் காட்டணும்" என்றேன். அவள் அண்ணன் ஏற்பாடு செய்ய, அடிப்பக்கம் கண்ணாடி பொருத்திய வனத்துறைப் படகு ஒன்றில் போனோம். உச்சி வெயில். அலை அதிகம் இல்லை. கண்ணாடிக்குக் கீழே, கை நீட்டினால் தொடலாம் போல, பழுப்பும் பச்சையுமாகப் பவளங்கள். போனில் பார்த்த மினுமினுப்பு இல்லை. மினுமினுப்பு அந்த நீல விளக்கின் வேலை. பவளத்தில் உள்ள ஒருவகைப் புரதம் நீல ஒளியை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருவதால் வருவது. இங்கே சாதாரண உயிர்களாக, தங்கள் வீட்டில் தாங்கள் குடியிருந்தன. இடையிடையே உடைந்த வெள்ளைத் துண்டுகளும் கிடந்தன.

அவர் குனிந்தவர் நிமிரவே இல்லை. கரைக்கு வந்த பிறகு சொன்னார்: "இது பெரிய சூளைம்மா. மேல ஒரு சூரியன் இருந்து எரிக்குது. நாம வீட்டுல எத்தனை வாட்டு போட்டாலும் இதுக்கு விறகு போட முடியாது. இருக்கட்டும், இங்கேயே இருக்கட்டும்."

திரும்பும்போது பஸ்ஸில் மருமகள் ஒரு செய்தி சொன்னாள். தூத்துக்குடி அருகே வான் தீவு கரைந்துகொண்டே வந்ததால், அதைக் காப்பாற்றக் கடலடியில் சிமெண்டில் செய்த கூடுகளை இறக்கியிருக்கிறார்களாம். பவளம் வளர வேண்டிய இடத்தில் மனுஷன் செய்த கூடு! அவர் சட்டென்று நிமிர்ந்தார். "சிமெண்ட்டுல செய்யறப்ப, நம்ம மண்ணுல செய்ய முடியாதா?"

அவ்வளவுதான், வீட்டுக்கு வந்ததும் வேலை ஆரம்பமாகிவிட்டது. பழைய கூட்டாளி ஒருவரின் சின்னச் சூளையில் இடம் கேட்டார். களிமண்ணில் பொந்து பொந்தாகப் பாறை செய்தார். வளைவு, குகை, மாடம் எல்லாம் கையாலேயே. கிளேஸ் பூசாமல் ஒரு முறை மட்டும் சுட்டு எடுத்தார். நம் ஊரில் அதை 'பிஸ்கட்' என்பார்கள். நுண் துளைகள் நிறைய இருப்பதால், தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நல்ல பாக்டீரியாக்கள் அதில் குடியேறும். கொலு பொம்மைகளைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள், சகோதரிகளே! வண்ணப் பூச்சிலும் சில கிளேஸ்களிலும் உள்ள உலோகங்கள் தண்ணீரில் இறங்கினால் மீனுக்கும் இறாலுக்கும் ஆகாது.

மீனும் கடலிலிருந்து பிடித்ததாக இருக்கக் கூடாது என்று தீர்மானித்தோம். எங்கள் கடலூர் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்த்துச் சாதித்திருக்கிறார்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. அப்படித் தொட்டியில் பிறந்து வளர்ந்த ஒரு ஜோடிக் குஞ்சைத்தான் தேடி வாங்கினோம். பாறையும் உப்புநீரும் தயாரான பிறகு, மீனே விடாமல் ஆறு வாரம் தண்ணீரைப் பழக்கினோம். நல்ல பாக்டீரியா ஊறி நிலைக்க அந்த அவகாசம் வேண்டும்.

இப்போது விளக்கு விஷயத்துக்கு வருகிறேன். பவளம் இல்லை என்று ஆனதும் அடுப்புக் கணக்கே மாறிவிட்டது. மீனுக்குச் சமைத்துப் போட வெளிச்சம் வேண்டாம். பகல் எது, இரவு எது என்று தெரிந்தால் போதும். வெளிச்சம் அதிகமானால் வேண்டாத பாசிதான் கண்ணாடியெல்லாம் படரும். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு, ஏறக்குறைய 190 லிட்டர், 36 வாட் எல்.இ.டி. போதுமானதாக இருந்தது. நாளுக்கு 8 மணி நேரம் எரிகிறது. இரண்டு மாதத்துக்கு 17 யூனிட்தான். வளையல் என் கையிலேயே இருக்கிறது!

கடல் தொட்டிக்கு விளக்கு வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளையையும் நீலத்தையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கட்டும். முழு நீலத்தில் ஆரஞ்சு மீன் கறுத்துப்போய்த் தெரியும். வெள்ளை கலந்தால்தான் களை. விளக்கோடு டைமர் இருப்பது நல்லது. ஒரே நேரத்தில் எரிந்து ஒரே நேரத்தில் அணைந்தால் மீனுக்கும் நிம்மதி, நமக்கும் ஞாபகத் தொல்லை இல்லை.

உப்புநீர்த் தெறிப்பு எல்லாவற்றையும் அரிக்கும். விளக்கின் மேல் 'ஐ.பி. 65' அல்லது அதற்கு மேலான எண் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்.இ.டி. சூடாகாது என்பது பாதி உண்மைதான். சூடு அதன் முதுகுப் பக்கம் போகிறது. முதுகை மூடாமல் காற்றாட விடுங்கள். வாரம் ஒரு முறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஈரத்துணியால் உப்புப் படிவைத் துடையுங்கள்.

ஃபியூஸ் கட்டையைப் பீங்கானில் செய்வது ஏன் என்று எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது. உப்புநீர் அதற்கு நேர் எதிர். பிளக் பாயிண்ட் தொட்டிக்குக் கீழே இருந்தால், வயரை ஒரு தொங்கல் விட்டுப் பிறகு மேலே ஏற்றி மாட்டுங்கள். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலிருந்து தரையில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. தொட்டிக்குப் போகும் இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவசியம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் இதைச் செய்யாமல் தொட்டியே வைக்காதீர்கள்.

குழந்தைகளை நீல எல்.இ.டி.யை நேருக்கு நேர் உற்றுப் பார்க்க விடாதீர்கள். படுக்கும் அறையில் தொட்டி வேண்டாம். இரவில் நீல வெளிச்சம் தூக்கத்தைத் தள்ளிப்போடும். எட்டு மணிக்கு மேல் அணைத்துவிடுங்கள். மீனுக்கும் இருட்டு வேண்டும்.

கரண்ட் போனால் விளக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஒரு நாள் வெளிச்சம் இல்லாவிட்டாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது. காற்று பம்ப்தான் உயிர். இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டியது அதைத்தான். கோடையில் தண்ணீரின் மேல் ஒரு சின்ன மின்விசிறி ஓடினால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியாகிக் குறையும் அளவுக்கு உப்புப் போடாத ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள், தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு உள்ளேயே இருக்கிறது.

வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரிகள், அங்கே சட்டப்படி பண்ணையில் வளர்த்த பவளம் வாங்கினால், புது விளக்கை முதல் நாளே முழு வேகத்தில் எரிய விடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கில் ஆரம்பித்துச் சில வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள். கைக்குழந்தைக்கு வெயில் காட்டுவது மாதிரிதான்.

தொட்டி தயாராகி 2023-இல் மீன் விட்டோம். மனைவிமார்களுக்கு ஒரு வேடிக்கைச் செய்தி: கோமாளி மீன்கள் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கின்றன. இருப்பதில் பெரியது பெண்ணாக மாறி அதிகாரம் செலுத்தும். அந்தப் பெண் இறந்தால் அடுத்த ஆண் பெண்ணாகிவிடும். முட்டைக்கு விசிறி வீசிக் காவல் காப்பது அப்பாதான். இதைப் படித்துக் காட்டியபோது, "நம்ம வீட்டுக் கதைதான்" என்றார் இவர்.

2025 மாசி மாதம் ஒரு நாள் காலையில், "இந்தா, இங்க வா" என்று குரல். ஓடிப் போய்ப் பார்த்தால், அவர் செய்து வைத்த மண் மாடத்தின் சுவரில், ஆரஞ்சு நிறத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகள். கடலில் பாறையைத் தேடியிருக்கும் மீன், விருத்தாசலத்து மண்ணை நம்பி முட்டை வைத்திருந்தது. ஏழெட்டு நாளில், விளக்கணைந்த பிறகு இருட்டில்தான் குஞ்சு பொரியும் என்று படித்திருந்தோம். எட்டாம் நாள் ராத்திரி கூடத்து விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். ஒரு டார்ச்சைக் கைக்குட்டையால் மூடி ஓரமாகக் காட்டினார். நூல் துண்டு மாதிரி, வெள்ளி மாதிரி, ஏதோ நீந்தியது. அவற்றை வளர்த்தெடுக்க அதற்கென்று நுண்ணுயிர் இரை வளர்க்க வேண்டும். எங்களிடம் அது இல்லை, ஒன்றும் தங்கவில்லை. ஆனாலும் அவர் வருத்தப்படவில்லை. "அடுத்த தடவைக்குள்ள கத்துக்கலாம்" என்று நோட்டை எடுத்துக்கொண்டார்.

இப்போதும் அவர் காலை நாலு மணிக்குத்தான் எழுந்திருக்கிறார். சூளை வைத்திருக்கும் கூட்டாளியோடு சேர்ந்து, மீன் தொட்டிக்காரர்களுக்கு மண் பாறை செய்து கொடுக்கிறார். பெரிய வருமானம் இல்லை. காபி மட்டும் சரியாக நாலரைக்கு வரவேண்டும். ஐந்து நிமிஷம் தாமதமானால் அடுக்களை வரை குரல் கேட்கிறது.